கட்டியைக் கரைக்காத ஆலிவ் எண்ணெய்

நாங்கள் திருப்பதிக்குப் பக்கத்தில் வடமாலபேட்டைக்காரர்கள். என் தங்கையின் புருஷன் குவைத்தில் டிரைவர். அவள் மார்பில் கட்டி என்று தெரிந்ததும் ஆலிவ் எண்ணெய் பாட்டில்கள் அனுப்பினார். "இது கேன்சரையே கொல்லுதாம். ஊசி குத்தி டெஸ்ட் எடுத்தா பரவிடும், ஆஸ்பத்திரிக்குப் போவாத" என்று போனில் கண்டிப்பாகச் சொன்னார்.

தங்கை அதைப் பெருமாள் படத்தின் முன் வைத்து, துளசி போட்டு, தீர்த்தம் மாதிரி தினமும் வெறும் வயிற்றில் குடித்தாள். நான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "சாமி முன்னாடி வெச்சி குடிச்சிக்கினு கீறேன்க்கா. நடுவுல வுட்டா குத்தமாயிடும்" என்பாள்.

கட்டி புண்ணான பிறகுதான் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரம்மா, "சமையலுக்கு நல்ல எண்ணெய்தாம்மா. அதுல இருக்கிற சில பொருள் கேன்சரை அடக்குமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா வந்த கட்டிக்கு அது மருந்தில்ல. முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார்.

மார்பை எடுத்தும் அவள் பிழைக்கவில்லை. செய்தி சொல்லக் குவைத்துக்குப் போன் செய்தேன். "எண்ணெய ஒழுங்கா குடிச்சாளா?" என்று கேட்டார் அந்த மனுஷன்.

இப்போது தெருவில் எந்தப் பெண் கட்டி என்றாலும், அடுப்பை அணைத்துவிட்டு அவளோடு திருப்பதி பஸ் ஏறுகிறேன். வேண்டுதலைப் பஸ்ஸிலேயே செய்துகொள்கிறோம். பெருமாள் அங்கேயும் கேட்பார்.