பனியாற்று ஓடையில் கன்னியப்பன்

செவ்வாய்க்கிழமை காலை, முதல் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கன்னியப்பனின் மனைவி தேசம்மாளிடமிருந்து அழைப்பு வந்தது. "மேடம், அவுரு பூட்டாரு. விடிகாலைல. மத்தியானமே எடுக்குறாங்க, வந்துடுங்க" என்றார். குரலில் அழுகை இல்லை. மூன்று வருடமாக வாரத்துக்கு இரண்டு முறை கணவரைப் புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வந்தவர். நான் வகுப்பை நடத்திவிட்டுத்தான் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் லேப் அட்டெண்டராக இருந்த கன்னியப்பனை உங்களில் பலருக்குத் தெரியும். தவளைத் தொட்டியைக் கழுவியவர், ஃபார்மலின் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டியவர், செய்முறைத் தேர்வன்று கைநடுங்கும் மாணவிகளுக்குக் கண்ணாலேயே விடை சொன்னவர். இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். எழுந்து நின்றேன், இரண்டு வாக்கியம் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

இமயத்தில் பனியாறு உருகி வரும் ஓடைகளில் வாழும் பூச்சிகளைப் பற்றியது என் ஆய்வு. முதல் வருடம் என்னோடு கிளம்ப வேண்டிய ஆய்வு மாணவர் கடைசி நேரத்தில் வரவில்லை. ஆற்றில் வலை பிடிக்க ஒருவர் வேண்டும். கன்னியப்பன் மீனவர் வீட்டுப் பிள்ளை, இருபது வயது வரை கடலுக்குப் போனவர். கேட்டதும் வந்துவிட்டார். மூன்று நாள் ரயில், பஸ், அதன்பின் இரண்டு நாள் நடை. பனியாற்றின் வாயிலிருந்து பால்போல வெளுத்து ஓடிய தண்ணீரில் முதல்முறை கையை விட்டவர், சட்டென்று இழுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். "இன்னா மேடம் இது, தண்ணியா கத்தியா? இதுக்குள்ள போயி எது உயிரோட கீது?"

ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினேன். கல்லின் அடியில் நகக்கண் நீளத்துக்கு ஒரு புழு. கொசுவைப் போலிருந்தாலும் கடிக்காத ஒரு சிற்றீயின் இளம்பருவம் அது. பின்னங்காலில் உள்ள நுண்ணிய கொக்கிகளால் கல்லைப் பற்றிக்கொண்டு, பாசியைத் தின்று, உறைநிலைக்குச் சற்றே மேலான தண்ணீரில் வாழ்வது. லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார். "அடேங்கப்பா, நங்கூரம் போட்டுகினு ஒக்காந்துகீது" என்றார். அன்றிலிருந்து எங்கள் குறிப்பேட்டில்கூட அதற்கு நங்கூரப்புழு என்றுதான் பெயர்.

அதே வகையைச் சேர்ந்த இறகில்லாத ஒரு பூச்சி பனியின் மேலேயே நடந்து திரியும். ஒரு காலையில் அதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்ட ஓடிவந்தார். வந்து சேர்வதற்குள் அது துடித்து அடங்கிவிட்டது. அவர் அழுத்தவில்லை, மனிதக் கையின் சூடே அதற்குத் தாங்காது என்றேன். கையை விரித்தபடியே நின்றார். "தொட்டதே தப்பா மேடம்?" என்று கேட்டார். அதன்பின் எந்தப் பூச்சியையும் அவர் வெறுங்கையால் எடுத்து நான் பார்க்கவில்லை. ஒரு தேக்கரண்டியில் பனியை அள்ளி அதில்தான் ஏந்திக்கொண்டு வருவார்.

பனியாற்று ஓடையின் குணம் என்னைவிட அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. காலையில் முழங்கால் அளவு ஓடும். வெயில் ஏறப் பனி உருகி, பிற்பகலில் இடுப்பளவாகும். அந்த நேரத்தில் தண்ணீருக்கடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்கும். கரையோரப் பாறையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுவைப்பார். கோடு நனைந்தால் கரையேறிவிட வேண்டும். "காலைல இருக்கற ஆறு வேற, மூணு மணிக்கு வர்ற ஆறு வேற மேடம். ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சிகீறாங்க, அவ்ளோதான்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது வருடம், நாங்கள் வழக்கமாகத் தேடும் இடங்களில் கீழே இருந்த இரண்டில் நங்கூரப்புழு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அங்கே தண்ணீரின் சூடு கூடியிருந்தது. கீழ்ப்பகுதி ஆறுகளில் வாழும் வேறு பூச்சிகள் மேலேறி வந்திருந்தன. குளிரை நம்பி வாழ்பவை பனியாற்றின் வாயை நோக்கி நகர்ந்துகொண்டே போகும், அதற்கு மேல் போக இடம் கிடையாது என்று விளக்கினேன். அன்று சாப்பிடும்போது அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். "எங்களாண்ட கடல் வூட்டு வாசலுக்கு வந்துச்சுன்னா, நாங்க ரோட்டாண்ட தள்ளி ஒரு குடிசை போட்டுக்குவோம். இதுங்க எங்க மேடம் போவும்?"

அடுத்த நாள் பனியாற்றின் வாயருகே இருந்த மேல் இடத்துக்கு ஏறினோம். காலை முழுக்கக் கல் கல்லாகப் புரட்டியும் ஒரு புழு இல்லை. இரண்டரை மணிக்குச் சாக்குக்கட்டிக் கோடு தண்ணீருக்குள் போயிற்று. கன்னியப்பன் வலையைச் சுருட்டினார். எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு புழுவாவது கிடைக்காமல் இறங்கினால் அந்த வருடத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று பட்டது.

"நடுவுல அந்தப் பெரிய கல்லு ஒண்ணு மட்டும் பாத்துடறேன்."

"வேணாம் மேடம். கோடு பூட்ச்சி."

"அஞ்சு நிமிஷம்தான்."

"வேணாம் மேடம், சொன்னா கேளுங்க. கல்லு உருள்ற சத்தம் கேக்கலியா?"

நான் இறங்கினேன். வேறொரு நிறுவனத்திலிருந்து இரவல் வாங்கிய, நீரின் வேகத்தை அளக்கும் கருவி என் கையில் இருந்தது. நாலாவது அடியில் கால் பறந்தது. தண்ணீர் தலைக்கு மேல் போனதும், மார்பு இறுகி மூச்சே வராமல் போனதும் நினைவிருக்கிறது. பிறகு யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குதித்திருக்கிறார். என்னைப் பாறைமேல் தள்ளும்போது உருண்டுவந்த கல்லொன்று அவருடைய இடது கையை நசுக்கியது. கருவி போயிற்று. கரையோரம் வைத்திருந்த, பூச்சி மாதிரிகள் அடங்கிய பெட்டியும் போயிற்று. அருகிலிருந்த மருத்துவமனைக்கு ஒன்றரை நாள் வழி. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வழி முழுக்க அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்குக் காலு மரத்துப் போவலியே மேடம்?"

இனி எழுத வேண்டியதுதான் கடினம். ஊர் திரும்பியதும் கருவி தொலைந்தது பற்றிக் கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். பதிவேட்டில் அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டிருந்தவர் கன்னியப்பன். தண்ணீர் மட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பும் அவருடையது என்று நானே திட்டத்தில் எழுதியிருந்தேன். முதல்வர் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் எனக்கு மட்டும் நாற்காலி. கட்டுப்போட்ட கையோடு அவர் நின்றார்.

"தண்ணி ஏறுதுன்னு மேடத்துக்கு நீ சொன்னியா, இல்லியா?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் என் கோப்பைப் பார்த்தேன். என் ஆய்வுத்திட்டம் நீட்டிப்புக்குப் போயிருந்த நேரம் அது.

"ஞாபகம் இல்ல சார்" என்றார்.

ஊழியரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினார்கள். அந்த வருடம் அவருக்கு வரவிருந்த லேப் அசிஸ்டெண்ட் பதவி நின்றுபோனது. ஆய்வகத்திலிருந்து அலுவலகத்துக்கு மாற்றி, கோப்பு தூக்கும் வேலை கொடுத்தார்கள். மிச்சமிருந்த விரல்களோடு ஓய்வுபெறும்வரை தூக்கினார். என் திட்டம் நீட்டிக்கப்பட்டது. கட்டுரைகள் வந்தன. நன்றி சொல்லும் பகுதியில் அவர் பெயரைப் போட்டேன்.

விசாரணை முடிந்த மாலை பஸ் நிறுத்தத்தில் அவரருகே போய் நின்றேன். "ஏன் கன்னியப்பன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவருக்குக் கோபமில்லை. "நான் சொன்னா நம்பவா போறாங்க மேடம்? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார். புதுப்பட்டினம் பஸ் வந்தது. வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் நான் மலையிலிருந்து திரும்பியதும் ஒருமுறை துறைக்கு வந்து எட்டிப்பார்ப்பார். "மேல கீதா மேடம்?" என்று நங்கூரப்புழுவைக் கேட்பார். இரண்டு, ஒன்று என்று கிடைத்த எண்ணிக்கையை நான் விரலால் காட்டுவேன். தலையாட்டிவிட்டுப் போவார். சிறுநீரகம் கெட்டுப் படுத்தபின் ஒரே ஒரு தடவைதான் செங்கல்பட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கையில் குழாய்கள், பக்கத்தில் தேசம்மாள், சுற்றிலும் வேறு நோயாளிகள். அவரே முந்திக்கொண்டு கேட்டார்: "மேல கீதா?" இந்த வருடம் ஒன்றுமில்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். "அதுங்களுக்கு வேற எடம் இல்லியே மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். கேட்க வந்ததைக் கேட்காமலே ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு வந்தேன். அதுதான் கடைசி.

அவரை அறிந்த எல்லோருக்கும் இப்போது சொல்கிறேன். அன்று ஆற்றில் இறங்க வேண்டாம் என்று கன்னியப்பன் இரண்டு முறை சொன்னார். கேட்காமல் இறங்கியவள் நான். கருவி நழுவியது என் கையிலிருந்து. அவர் கவனம் தவறவில்லை.

இதையே எழுதிக் கையெழுத்திட்டுப் போன வாரம் முதல்வரிடம் கொடுத்தேன். சம்பந்தப்பட்ட ஊழியர் உயிருடன் இல்லாததால் கோப்பைத் திறக்க வழியில்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். ஒரு நகலை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் போனேன். தேசம்மாள் படித்துக் காட்டச் சொன்னார். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தாளை வாங்கி மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இத்த அவுரு உசுரோட இருக்கசொல்லோ குடுத்திருக்கணும் மேடம்."

கன்னியப்பன் நினைவாக என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். தேசம்மாள் மடித்த மடிப்பை நான் இன்னும் பிரிக்கவில்லை.