கனத்தைக்குப் போனவர்

வெள்ளைக்காரர் ஆட்சி முடியப்போகும் வருடங்களில், கொழும்பில் தேர்தல் கந்தோர் ஒன்றில் நான் சின்னக் கிளாக்கர். வாக்காளருக்கு அனுப்பிய கடிதம் ஆளில்லாமல் திரும்பினால், தபால்காரர் உறையில் கிறுக்கியதைப் பார்த்து வாக்காளர் இடாப்பைத் திருத்துவது என் வேலை. வீடு மாறியவருக்கு நீல மை, இறந்தவருக்குச் சிவப்பு மை. சிவப்பு மைப் போத்தல் என் மேசையில் இருந்தது. அந்தப் பெருமையில் கொஞ்சம் நிமிர்ந்தே உட்காருவேன்.

ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் உறை திரும்பியது. 'கனத்தைக்குப் போய்விட்டார்' என்று தமிழில் எழுதியிருந்தது. கனத்தை என்றால் பொரளையில் இருக்கும் பெரிய மயானம். "பாவம்" என்று சொல்லிவிட்டு, அடிமட்டம் வைத்துக் கோணாமல் கோடு இழுத்தேன்.

திருத்தம் கேட்பதற்கான கடைசி நாளன்று, குடையோடு ஓர் அம்மா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, செத்தவையின்ர பேரை வெட்டுறவர் நீங்களோ?"

"ஓம். ஆர் தவறிப்போனது?"

"நான்தான்."

வாசலில் தொங்கிய பட்டியலில் தன் பேர் மேல் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தையல்காரி. கொட்டாஞ்சேனையை விட்டுக் கனத்தை மதிலுக்குப் பின்னால் வீடு எடுத்தவர்.

"நல்ல இடம் தம்பி. அயலவை சத்தம் போடுறேல்லை."

அவசரமாக முகவரி மாற்றும் படிவத்தை நீட்டினேன். பக்கத்து மேசையில் இருந்த பெரிய கிளாக்கர் தலையை உயர்த்தினார்.

"ஐசே, அது உயிரோட இருக்கிற ஆக்களுக்கு. இவவைச் சாக்காட்டினது நீர்தானே? பிழை என்ர எண்டு எழுதித் தாரும். நாலு மணிக்கு இடாப்பு மூடப்படும்."

மணி மூன்றரை. அந்த அம்மா சுவரோர வாங்கில் உட்கார்ந்தபடி மெதுவாகச் சொன்னார்: "போனமுறை என்ர மனிசன் என்னைப் போக விடேல்லை. தன்ர வோட்டு ரெண்டு பேருக்கும் காணுமெண்டவர். இப்ப அவரும் இல்லை. இந்தமுறை நான் போடவேணும் தம்பி."

தாளை எடுத்தேன். கந்தோர்க் கடிதமெல்லாம் இங்கிலீசில்தான். என் இங்கிலீசில் எழுதியதை வாங்கிப் பார்த்த பெரிய கிளாக்கர், தமிழில் வாசித்துக் காட்டினார்: "'இந்தப் பெண்மணி உயிருடன் இருப்பதற்கு நானே பொறுப்பு.' நீர் என்ன ஐசே, கடவுளோ?"

அம்மா குடையால் வாயை மறைத்துக்கொண்டார். இரண்டாவது தாளில் அவர் இறந்ததற்கு நான் பொறுப்பாகியிருந்தேன். மூன்றாவது தாள், நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கையெழுத்தானது. சிவப்புக் கோட்டுக்கு மேலே நீல மையால் பேரைப் புது முகவரியோடு திரும்ப எழுதினேன். கோடு போலல்லாமல் எழுத்து கோணிவிட்டது.

வாக்களிப்பு நாளன்று பொரளைப் பள்ளிக்கூடம் ஒன்றில் இடாப்போடு என்னை இருத்தினார்கள். பத்து மணிபோல் அதே குடை வந்தது. முகவரி கேட்பது கட்டாயம். கேட்டேன்.

"கனத்தை," என்றார் வரிசை முழுக்கக் கேட்கும்படி.

மேசை முனையில் இருந்த அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உயிரோடதான் சேர்," என்றேன். "நான் பொறுப்பு."

அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை. மனிசனுக்கும் சேர்த்து யோசித்திருப்பார் போல.