முன்வண்டியின் அரைமணி நேரம்

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. எதிரே ஈ காக்கை இல்லை. பக்கத்துச் சாலையிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டி இல்லை. இருந்தாலும் அவர் நிற்கிறார். அவர் நிற்பதால் பின்னால் பதினொரு லாரிகளும் நிற்கின்றன.

“போலாமே அண்ணே, யாரு பாக்கப் போறா?” என்று காதுக்குள் ஒரு குரல்.

“பச்சை விழட்டும்பா.”

பச்சை விழுகிறது. கண்ணாடியை ஒரு தடவை பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டியை எடுக்கிறார்.

இத்தனையும் நடப்பது உள்ளங்கை அகலக் கைபேசித் திரையில். ஆள் உட்கார்ந்திருப்பது பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில். பிள்ளைகளை இறக்கிவிட்டு, கடைசி வரிசைவரை நடந்து யாரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்து, மறந்துபோன தண்ணீர்ப் பாட்டில்களைப் பொறுக்கி முன்னால் வைத்துவிட்டு, பள்ளிக்குப் பின்சுவரோரம் பேருந்தை நிறுத்துவார். ஒன்பதரைக்கு ஆட்டத்தைத் திறந்தால் பதினொன்றரைக்கு மூடுவார். ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது. திரையில் கட்டைவிரல் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் வலதுகால் தன்பாட்டுக்குப் பேருந்தின் பிரேக்கையும் மிதிக்கும். அதனால் சுவரோரம் நிற்கும் பேருந்தின் பின்விளக்கு காரணமில்லாமல் எரிந்து எரிந்து அணையும்.

பல் மருத்துவமனையில் முன்மேசை பார்க்கும் அவர் மனைவிக்கு இது பிடிபடவே இல்லை. “நாள் பூரா வண்டி ஓட்டறீங்க. கொஞ்சம் ஓய்வு கெடைச்சா அதுலயும் வண்டியா? எங்க டாக்டர் என்ன, பொழுதுபோகலைன்னா வீட்ல உக்காந்து பல்லு புடுங்கறாரா?”

“இதுல பின்னாடி உக்காந்து யாரும் கத்த மாட்டாங்க” என்பார்.

ஆட்டத்தில் அவருக்கு முன்வண்டி என்று பெயர். அந்தக் காலை நேரத்தில் விளையாட வருகிறவர்கள் எல்லாம் நேரங்கெட்ட வேலைக்காரர்கள். இரவுப் பணி முடிந்து தூக்கம் பிடிக்காத ஒரு செவிலியர், விடியுமுன் அடுப்பு மூட்டி ஒன்பது மணிக்கே ஓய்ந்துவிடும் ஒரு பேக்கரிக்காரர், இப்படிப் பதினொரு பேர். மலைப்பாதையில் பாதாளத்தில் விழுந்து விழுந்து அலுத்துப்போய், ஒருநாள் இவர் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள். சரக்கு சேதாரமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து முன்வண்டி இல்லாமல் அவர்கள் மலையேறுவதில்லை.

திரையின் மூலையில் ஓர் எண் உண்டு. விபத்தில்லாமல் ஓடிய தூரம், கிலோமீட்டரில். மற்றவர்களுக்கு அது ஐந்நூறைத் தொடுவதே பெரும்பாடு. இவருக்கு ஆறு வருடத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் ஆட்டத்தை மூடுமுன் அதை ஒரு தரம் பார்த்துக்கொள்வார். நிஜப் பேருந்தில் இருபத்திரண்டு வருடமாக ஒரு கீறல் கிடையாது. அதை எழுதி வைக்கத்தான் எங்கேயும் ஓர் இடம் இல்லை. “மோதினாத்தான் ஆபீஸ்ல நம்ம பேரே தெரியும்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு பாதிதான் இருக்கும்.

ஆட்டத்தை முதலில் செய்தவர்கள் யாரோ நாலு பேர். பிறகு ஒரு பெரிய கம்பெனி அதை வாங்கியது. வாங்கிய கையோடு, எல்லோரும் ஓட்டிப் பழகிய கடற்கரைச் சாலையைப் பூட்டி, திறக்கக் கட்டணம் வைத்தது. அடுத்த மாதம் மலைப்பாதை முழுக்கப் பனிமூட்டத்தை இறக்கி, பனிவிளக்கைத் தனியாக விற்றது. புகார் எழுதினால் உடனே பதில் வரும்: ‘அன்புள்ள வீரரே, உங்கள் உணர்வுகள் எங்களுக்கு மிகவும் முக்கியம்.’ பேக்கரிக்காரருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். “முக்கியம்னா அதைப் படிக்க ஒரு ஆளைப் போட வேண்டியதுதானே?” என்பார். நம் ஆள் மட்டும் கம்பெனியை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பனிமூட்டம் வந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது அவர் கட்சி.

ஒரு வியாழக்கிழமை ஒன்பதரைக்கு ஆட்டம் திறக்கவில்லை. கடிதம் வந்திருந்தது. ஆறு ஆண்டுகளில் ஒரு மோதல் இல்லை, ஒரு வேக மீறல் இல்லை, தினமும் ஒரே நொடியில் தொடக்கம், ஒரே நொடியில் முடிவு; மனித இயல்புக்குப் பொருந்தாத ஒழுங்கு; எனவே இந்தக் கணக்கை ஓட்டுவது மனிதர் அல்லர், தானியங்கிக் கணினி நிரல் என்று முடிவுசெய்து கணக்கு முடக்கப்படுகிறது. அதற்குக் கீழேயே இன்னொரு கடிதம், பலூன் படமெல்லாம் போட்டு: ‘எங்கள் குடும்பத்தில் ஆறு ஆண்டுகளை நிறைவு செய்யும் உங்களுக்கு வாழ்த்துகள்.’

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று பதினொன்றரைவரை பேருந்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மனைவி இரண்டு கடிதங்களையும் படித்தார். “குடும்பம்னா, தொரத்தி விடும்போது வாசல்வரைக்குமாவது கூட வருவாங்க” என்றார்.

அவர் கம்பெனிக்கு ஒன்பது முறையீடுகள் எழுதினார். பேருந்து ஓட்டுநர் எழுதும் அறிக்கை எப்படி இருக்குமோ அப்படியே: தேதி, நேரம், சாலையின் நிலை, நடந்தது. உரிமத்தின் நகலைக்கூட இணைத்தார். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடத்தில் பதில் வந்தது. “ரெண்டு பக்கத்தை அரை நிமிஷத்துல எந்த மனுஷன் படிப்பான்? யாரு யாரைப் பாத்து எந்திரம்ங்கறாங்க பாரு” என்று மனைவியிடம் சொன்னார். கோபம் அவருக்குப் பழக்கமில்லை. சொல்லிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

அங்கே ஆட்டத்தில் லாரி வரிசை சிதறிவிட்டது. மலையில் நாலு வண்டி உருண்டது, இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். செவிலியரும் பேக்கரிக்காரரும் விடவில்லை. கம்பெனியின் இணையப் பக்கத்தில் தினமும் போய்க் கேட்டார்கள். தங்களுக்கும் இதே வயிற்றெரிச்சல்தான் என்று முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது வாரம் கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்தது. முப்பது நிமிடம் ஒரு சோதனை ஓட்டம். அவர் ஓட்ட வேண்டும், கம்பெனியின் நிரல் கவனிக்கும். மனிதர் என்று தெரிந்தால் கணக்கு திரும்பக் கிடைக்கும்.

செவிலியர் ஃபோன் செய்தார். “அண்ணே, எல்லாரும் சொல்றாங்க, எதுலயாவது ஒரு தடவை மோதிடுங்க. சின்னதா போதும். எப்பவும் மாதிரி ஓட்டினீங்கன்னா மறுபடி எந்திரம்னுதான் எழுதுவான்.”

“மோதினா நம்பர் சைபராயிடும்மா.”

“மோதலைன்னா நீங்களே இருக்க மாட்டீங்களேண்ணே. நாங்க என்ன பண்றது?”

அன்று இரவு சாப்பிடும்போது தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “நெஜ வண்டியில ஒரு தடவை மோதினதில்லை. அது எனக்குத் தெரியும். தெனம் நீங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் நானும்தானே எண்ணிட்டிருக்கேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தம்மாள் இதைச் சொன்னதே இல்லை.

திங்கட்கிழமை ஒன்பதரை. சுவரோரம் பேருந்து. காதில் யார் குரலும் இல்லை, சோதனையின்போது பேச அனுமதி கிடையாது. பழைய எண் மூலையில் அப்படியே இருந்தது. முதல் பத்து நிமிடம் எப்போதும் போலத்தான் ஓட்டினார். நேரான சாலையில் ஒரு விளக்குக் கம்பத்தைக் குறிவைத்தார். கிட்டே போனதும் விரல் தானாகத் திருப்பிவிட்டது. இரண்டாவது கம்பத்திலும் அதே கதை. கடிகாரத்தைப் பார்த்தார். நிரலுக்காக இதைச் செய்யச் சொன்னால் செத்தாலும் செய்திருக்க மாட்டார். மலையடிவாரத்தில் நிற்கும் மிச்சமிருக்கும் ஒன்பது லாரிகளை நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது கம்பத்தை நடை வேகத்தில் நெருங்கினார். பேருந்தின் பிரேக்கில் வலதுகால் அழுந்தி நின்றது. கட்டைவிரல் மட்டும் அசையவில்லை. ‘டங்’ என்று ஒரு சத்தம். கம்பம் சாய்ந்தது. மூலையில் இருந்த எண் கண்ணெதிரே பூஜ்யமானது.

கேட்டதைக் கொடுத்தாயிற்று. இனி நேரத்தை எப்படியோ ஓட்டிவிட்டு, சரக்கை இறக்கினால் போதும். இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.

அவர் லாரியை ஓரங்கட்டினார். நாலு பக்க விளக்கையும் மினுங்கவிட்டு, எஞ்சினை அணைத்தார். சட்டைப் பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பேருந்தின் ஸ்டியரிங்குக்கு முன்னால் தயாராக வைத்தார். பிறகு, யாராவது விசாரிக்க வருவார்கள் என்று, சாய்ந்த கம்பத்துக்குப் பக்கத்திலேயே பதினெட்டு நிமிடமும் காத்திருந்தார்.