நான்கு மணி ரிம்மா

வாசல் மணி ஒரு தடவை அடித்தால் ரிம்மா எழுந்திருக்க மாட்டாள். உருளைக்கிழங்கைச் சீவியபடியே, "கலீமா அத்தைக்கு" என்று முணுமுணுப்பாள். இரண்டு தடவை அடித்தால் பல் டாக்டருக்கு. மூன்று என்றால் கிளாஷாவுக்கு. நான்கு தடவை அடித்தால்தான் கத்தியை வைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறப்பாள். கலீமா அத்தை இறந்து முப்பது வருஷம் ஆகிறது. பல் டாக்டரும் கிளாஷாவும் அதற்கு முன்னாலேயே போய்விட்டார்கள்.

ரொட்டி வண்டிக்காரருக்கும் தபால்காரிக்கும் இது தெரியும். நான்கு தடவை அடிப்பார்கள். தெரிந்தும் அடிக்காதவர் துறவி வர்லாம் ஒருவர்தான். வீட்டின் பொறுப்பு அவருடையது. சாவியை மட்டும் வாரத்தில் இரண்டு நாளாவது எங்காவது வைத்துவிடுவார். பிறகு ஒரே ஒரு தடவை மணியை அழுத்திவிட்டு, தாடியில் பனி விழ நின்றுகொண்டிருப்பார்.

"ரிம்மாம்மா, காது கேக்கலையா?"

"கேட்டுச்சு சாமி. ஒரு மணிதான் கேட்டுச்சு."

"இது மடம். ஆறு குடித்தனம் இருந்த வீடு இல்ல."

"மணி அதே மணிதானே சாமி."

வடக்கே வெர்கா ஏரியின் நடுவில் இருக்கும் தீவு மடத்துக்கு, பெட்டர்ஸ்பர்க்கில் இதுதான் கிளை மடம். தீவுக்குப் போகிற மாவு, ஆணி, மெழுகு, நோயாளிகளுக்காகவும் இறந்தவர்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்லி ஜனங்கள் எழுதிக் கொடுக்கும் பெயர்ச் சீட்டுகள் எல்லாம் இங்கே வந்துதான் போகும். அங்கிருந்து புகையில் வாட்டிய மீனும் உருளைக்கிழங்கும் வரும். படகுக்குக் காத்திருக்கும் யாத்திரீகர்கள் மாடியில் தங்குவார்கள். மாவு வியாபாரி ஒருவர் எழுதிக் கொடுத்த வீடு. 1931-இல், கோயில்களை மூடிய அரசாங்கத்தார் துறவிகளைக் கிளப்பிவிட்டு, அறைக்கு ஒரு குடும்பத்தை வைத்தார்கள். ஆறு குடும்பத்துக்கும் ஒரு சமையலறை, ஒரு மணி. யார் வீட்டுக்கு எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்று எழுதிய தகரம் இன்னும் கதவோரத்தில் இருக்கிறது. வர்லாம் இரண்டு முறை அதைக் கழற்ற வைத்தார். இரண்டு முறையும் மறுநாள் காலையில் அது பழைய இடத்திலேயே, பழைய திருகாணிகளோடு இருந்தது.

ரிம்மா அந்த வீட்டில் பிறந்தவள். முப்பத்து நாலு வருஷம் டிராம் ஓட்டினாள். இப்போதும் பூசை முடிந்து சூப்புக்கு வரிசை நின்றால், "உள்ள நகருங்க, நடுவுல எடம் இருக்கு" என்பாள். 1994-இல் வீடு மடத்துக்குத் திரும்பியபோது, ஊர் எல்லையில் ஒன்பதாவது மாடியில் அவளுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். லிஃப்ட் உண்டு, சொந்தக் குளியலறை உண்டு. அந்த வாரமே ஒரு வாளியும் துணியுமாகத் திரும்பி வந்து, "தரைய யாரு துடைக்கிறா?" என்று கேட்டாள். இருபது வருஷமாக அவள்தான் துடைக்கிறாள்.

பழைய சமையலறை இப்போது மறுபடியும் கோயில். புதிதாக வந்தவர்கள் மாதாவின் படத்துக்கு முன்னால் மண்டியிட்டால், ரிம்மா குனிந்து அவர்கள் காதில், "கொஞ்சம் தள்ளிக்கோங்க. அங்கதான் எங்க அடுப்பு இருந்துச்சு, தரை பள்ளம்" என்பாள். பக்தியோடு கண்ணை மூடியிருந்தவர்கள் திடுக்கிட்டு நகர்வார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் வீடு திரும்பக் கிடைத்ததன் இருபதாம் ஆண்டு விழா. வாசலில் மாட்ட, வீட்டின் வரலாற்றை எழுதிய பெரிய மரப்பலகை ஒன்றை வர்லாம் தயார் செய்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க, ரிம்மாவையும் மெழுகுவர்த்தி விற்கும் தீனாவையும் உட்கார வைத்து உரக்கப் படித்தார். வியாபாரியின் பெயர் வந்தது. முதல் மணிக்கூண்டு வந்தது. பிறகு ஒரு வரி: "1931 முதல் 1994 வரை வீடு பாழ்பட்டுக் கிடந்தது. அறுபத்து மூன்று ஆண்டுகள் இங்கே ஒரு திருச்சடங்கும் நடக்கவில்லை."

"அது தப்பு" என்றாள் ரிம்மா.

"எந்த எழுத்தும்மா?"

"எழுத்தெல்லாம் சரிதான்."

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். தீனா பின்னாலேயே வந்தாள்.

"என்னடி மறைக்கிற? முகத்துல எழுதி ஒட்டியிருக்கு."

ரிம்மா சொன்னாள். தீனா கேட்டுவிட்டு வாயில் கை வைத்தாள். "வாயத் தெறக்காத. தெரிஞ்சா உன்னை இந்த வயசுல தொட்டியில முக்குவாங்க. இருபது வருஷமா நீ வாங்குன நற்கருணைக்கு என்ன கணக்குன்னு வேற கேப்பாங்க. பலகையில ஒரு வரி. இருந்துட்டுப் போகட்டுமே."

ரிம்மா மூன்று நாள் பொறுத்தாள். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வரிசையில் நிற்காமல், தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வர்லாம் அதைக் கவனித்துவிட்டார். பூசை முடிந்ததும் மடத்தின் இப்போதைய சமையலறைக்கே வந்தார்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. சாமி, அந்த வரி பொய். இங்க ஒரு ஞானஸ்நானம் நடந்திருக்கு. எனக்குத்தான்."

போரில் எதிரிப் படை ஊரைச் சூழ்ந்து, சாப்பாடு உள்ளே வரவிடாமல் தடுத்த முற்றுகையின் முதல் குளிர்காலம் அது. ரிம்மாவுக்கு இரண்டு மாதம். அம்மா கால் வீங்கிக் கிடந்தாள். குழந்தை அழுவதை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. விடியுமுன் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சாகிற குழந்தைக்கு, பாதிரியார் இல்லாத இடத்தில், விசுவாசி யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் அம்மாவால் கையைத் தூக்க முடியவில்லை. கிளாஷா முந்தின வாரம் இறந்துவிட்டாள். மற்றவர்கள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். எழுந்து நடக்கும் நிலையில் இருந்தது கலீமா ஒருத்திதான். கலீமா தாத்தர் இன முஸ்லிம் பெண், ஐந்து வேளை தொழுகிறவள்.

"அம்மா சமையலறை அடுப்போரமா படுத்துக்கிட்டே சொன்னாங்களாம், பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு. ஒவ்வொண்ணுக்கும் கலீமா அத்தை ஒரு கை தண்ணி ஊத்துனாங்களாம். மூணாவது கைக்கு நான் வீறிட்டேனாம். குழாயெல்லாம் உறைஞ்சு போயிருந்துச்சு சாமி. அத்தை நேவா ஆத்துல ஐஸை உடைச்சு, சறுக்கு வண்டியில வச்சு இழுத்துட்டு வந்த தண்ணி. பின்னால நான் ஏதாவது சேட்டை பண்ணா, 'அந்தத் தண்ணிய டீ போட்டுக் குடிச்சிருக்கலாம்'னு அத்தை திட்டுவாங்க."

வர்லாம் சிரிக்கவில்லை. "இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா செல்லாதுன்னுருவீங்களோன்னு பயம். செல்லாதுன்னா நான் கோயிலுக்கு வெளிய நிக்கிறேன். ஆனா மறுபடி ஒரு தரம் ஊத்திக்க மாட்டேன். ஊத்திக்கிட்டா அவங்க ஊத்துனது ஒண்ணுமில்லன்னு ஆயிரும்."

"எனக்குச் சபை விதி தெரியும்மா" என்று மெதுவாகச் சொன்னார் வர்லாம். "விதி மட்டுந்தான் தெரியும். தீவுல இருக்கிற பெரிய சாமியைக் கேக்கணும்." மறுநாள் மாவு மூட்டைகளோடு பலகையையும் ஏற்றிக்கொண்டு தீவுக்குப் போனார்.

எட்டு நாள். ரிம்மா தரையைத் துடைத்தாள், கோயிலுக்குள் மட்டும் போகவில்லை. வாசற்படியோடு துணியை நிறுத்திக்கொண்டாள். "உனக்குத் தேவையா இது? நான்தான் சொன்னேனே" என்று தீனா தினமும் கேட்டாள். கேட்டுவிட்டு, கோயில் தரையை முனகிக்கொண்டே தானே துடைத்தாள்.

ஒன்பதாம் நாள் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ரொட்டி வண்டி என்று நினைத்து ரிம்மா கதவைத் திறந்தாள். பலகையை அணைத்துப் பிடித்தபடி வர்லாம் நின்றார். படகுக் காற்றில் மூக்கு சிவந்திருந்தது.

"பெரிய சாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு" என்றார். "குழாய் உறைஞ்சு போச்சுன்னா தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு. சொன்னேன். அவரும் அந்தக் குளிர்காலத்துல இந்த ஊர்லதான் சின்னப் பிள்ளையா இருந்தாராம். அப்புறம், 'எழுது'ன்னாரு. ஞாயித்துக்கெழமை வரிசையில நில்லுங்க."

பலகையைத் திருப்பிக் காட்டினார். பழைய வரியை வெள்ளை வண்ணம் மறைத்திருந்தது. அதன் மேல் அவருடைய கோணல் கையெழுத்து. ரிம்மா கண்ணாடியைத் தேடாமல், மூக்கு மரத்தில் உரசும் அளவுக்குக் கிட்டே போய் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "1942 ஜனவரி. இவ்வீட்டில் குடியிருந்த கலீமா நேவாவிலிருந்து சுமந்து வந்த தண்ணீரால், சமையலறையில், ரிம்மா என்னும் குழந்தைக்கு ஞானஸ்நானம்."

இரண்டாம் தடவையும் படித்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வர்லாமின் தோளைத் தாண்டிக் கையை நீட்டி, வாசல் மணியை ஒரு தடவை அழுத்தினாள்.