மூவாரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை

ஜெயந்தன் அண்ணன் காலமான செய்தி வந்தபோது நான் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் போகும் பாலத்தில், நெரிசலில் நகராத பேருந்தில் இருந்தேன். நம் பழைய அலுவலகத்தின் வாட்சப் குழுவில் போட்டிருந்தார்கள். மாரடைப்பு. ஐம்பதுகூட ஆகவில்லை. அவரிடம் வேலை பழகிவிட்டு அக்கரைக்குப் போன நம்மில் பலர், அந்நேரம் அதே பாலத்தில்தான் இருந்திருப்போம்.

பாலத்துக்கு இக்கரையில், கெலாங் பாத்தாவில் நாம் மென்பொருள் எழுதிய நாட்களில் அவர் செய்து கொடுத்த கருவி உங்களுக்கு மறந்திருக்காது. கறுப்புத் திரையில் 'மூவார்' என்று தட்டி, புதிய திட்டத்தின் பெயரைக் கொடுத்தால் போதும். ஆரம்பக் கோப்புகள் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஏன் சொந்த ஊர்ப் பெயர் என்று கேட்டேன். "சின்னப் பேரு, தட்டறதுக்கு ஈஸி லா. வேற ஒன்னும் இல்ல," என்றார். "காலிப் பக்கத்தப் பாத்து யாரும் முழிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

கோப்புகளைத் தருவதற்கு முன் மூவார் ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் இல்லாதபோது இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? பதில் சொல்லாமல் நகர முடியாது. நாம் எல்லாரும் யோசிக்காமல் அவர் பெயரையே தட்டினோம். "அய்யோ அலமாக், எனக்கு எத்தன பிள்ளைங்கடா," என்று சிரிப்பார். யார் விட்டுப்போன திட்டம் பழுதானாலும் சனிக்கிழமை வந்து உட்கார்ந்தவர் அவர்தான். நினைத்தால் கோபம் வருகிறது. நம்மீதா, அவர்மீதா என்று தெரியவில்லை.

நான் வேலையை விடுவதாகச் சொன்ன அன்று மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "உங்களுக்கு அப்புறம் மூவார யாருண்ணே பாத்துப்பாங்க?" என்றேன்.

"பழக்கி விடறேன், பாலம் ஏறிப் போயிடறாங்க. தப்பு சொல்லல, அங்க சம்பளம் அப்படி. நீயும் போ. இருக்கற வரைக்கும் நான் பாக்கறேன்."

ஆள் கிடைக்கும் என்று ஒப்புக்குச் சொல்லிவைத்தேன். அவர் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் ஊரான மூவாரில் இறுதிச் சடங்குக்கு நிறையப் பேர் வந்திருந்தோம். இன்னும் அந்த அலுவலகத்திலேயே இருக்கும் கவிதா அழுதபடி கேட்டார்: "சிஸ்டத்துக்குப் புது வெர்ஷன் வந்ததுலேர்ந்து மூவார் சரியா ஓடல. அண்ணன் பாதி சரிபண்ணி வச்சிருக்காரு. யாராச்சும் எடுத்துக்கிறீங்களா? இல்லன்னா மாசக் கடைசில தூக்கிடுவாங்களாம்." எல்லாரும் சாலை நெரிசலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

நான் எடுத்துக்கொண்டேன். விடுமுறை நாட்களில் முட்டிமோதிப் பார்த்தேன். அவர் எழுதி முடித்தது புரிகிறது. மீதியை எப்படி எழுத நினைத்தார் என்பது பிடிபடவில்லை. மாதம் முடிந்தது, அலுவலகம் அதை நீக்கிவிட்டது. கவிதாவும் அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் கணினியில் இருக்கும் பிரதி ஒன்றுதான். தட்டினால் அந்தக் கேள்வி வரைக்கும் வருகிறது. யார் பெயரைக் கொடுத்தாலும் அங்கேயே நின்றுவிடுகிறது.