கவுஸ் அக்காவின் மூன்றாம் பக்கம்

கவுஸ் அக்கா கைக்கடிகாரம் கட்டமாட்டாள். கட்டிய மூன்றும் அவள் கையிலேயே உயிரை விட்டன. நான்காவதை ஆசையாக வாங்கிவந்த வீட்டுக்காரரிடம், "இது ஒரு பாவமும் அறியாதது, கடையிலேயே நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மோட்டார் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் காந்தங்களுக்கு நடுவில் இருந்தவள். அவள் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் கரண்டிகள் எழுந்து நிற்கும் என்று பேக்கிங் பெண்கள் சத்தியம் பண்ணுவார்கள். எழுந்தது முள்கரண்டியா குழம்புக்கரண்டியா என்பதில்தான் அவர்களுக்குள் தகராறு.

காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அலகுக்குக் கவுஸ் என்று பெயர். அதை அளக்கும் மீட்டர்களை வாங்குவதும் சோதிப்பதும் அக்காவின் வேலை. அந்தப் பெயரும் அங்கிருந்து ஒட்டிக்கொண்டதுதான். மீட்டர் என்றால் கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் நுனியில் ஐஸ் குச்சியைவிட மெல்லிய ஒரு தகடு. தகட்டின் முனையில் எள்ளளவு சில்லு ஒன்று ஒளிந்திருக்கும். காந்தத்தை உணர்வது அந்த எள்தான். மற்றதெல்லாம் அதற்குப் பல்லக்கு.

ஒரே நாளில், ஒரே இடத்தில் செய்தாலும் இரண்டு சில்லுகளுக்கு ஒரே குணம் வாய்ப்பதில்லை. ஒன்று பெரிய காந்தத்தைக் கண்டால் பதறி அதிகம் காட்டும். இன்னொன்று சோம்பிக் குறைத்துச் சொல்லும். பலம் தெரிந்த ஐந்து காந்தங்களை அக்கா வைத்திருந்தாள். லைனில் உழைத்துச் சோதனைக்குத் திரும்பும் ஒவ்வொரு சில்லையும் ஐந்திலும் நுழைத்துப் பார்த்து, எங்கே எவ்வளவு பிசகுகிறது என்று கட்டம் போட்ட தாளில் கோடு வரைவாள். கோட்டுக்கு மேலே பெயரும் வைப்பாள்: சீமாட்டி, அவசரக்குடுக்கை, தூங்குமூஞ்சி. சூடுபட்டால் பேச்சு மாறும் ஒன்றுக்கு முசுடு. தேறாதவற்றின் தகட்டுக் கழுத்தில் சிவப்பு நகப்பூச்சைத் தடவிப் பழைய சாமான் பெட்டியில் போட்டுவிடுவாள். நகப்பூச்சு அவள் விரல் எதையும் தொட்டதில்லை. அந்தப் புட்டிகள் முழுக்கச் செத்த மீட்டர்களுக்கே போயின.

தொழிற்சாலைக்கு வெளியேயும் அக்காவுக்கு ஒரு கௌரவம் இருந்தது. 'காந்த அளவைக் கருவிகள்: வரும் ஆண்டின் சந்தை நிலவரம்' என்று வருடத்துக்கு ஒரு முறை ஒன்பது பக்கம் எழுதுவாள். எந்தக் கருவிக்குக் கிராக்கி ஏறும், யாரிடம் வாங்கலாம், கேட்டால் எத்தனை வாரத்தில் வரும், எல்லாம் அதில் இருக்கும். மின்சார வண்டிக்காரர்களும் காதில் மாட்டும் ஒலிப்பான் செய்கிறவர்களும் ஒரே சில்லுக்கு அடித்துக்கொள்ளும் காலம் வரும் என்று மற்றவர்கள் கனவு காண்பதற்கு முன்பே எழுதியவள். சுற்றுவட்டாரத்தில் முப்பது தொழிற்சாலைகளின் கொள்முதல்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்கள். அவள் எழுதாமல் சந்தை ஏறக்கூட ஏறாது என்பது அவர்களில் ஒருவரான ஃபேன் கம்பெனிக்காரரின் கிண்டல்.

அதற்குக் காரணம் இருந்தது. எழுதும் ஒவ்வொரு வாரக்கணக்கையும் கருவி செய்யும் கம்பெனிக்கே கடிதம் போட்டு உறுதி செய்துகொள்வாள். இருபது வருடத்தில் ஒரே ஒரு முறைதான் போடவில்லை. சொன்னது கொழுந்தன் என்பதால்.

வீட்டுக்காரரின் தம்பி, அளவைக் கருவிகளுக்கு ஏஜென்டு. அக்கா கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டை போட்டிருந்தவன். அவனுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். போன வருடம் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அண்ணி, விஷயம் தெரியுமா? கருவிக் கம்பெனிக்காரன் மீட்டர் லைனையே மூடுறான். இனிமே ஆர்டர் போட்டா அம்பத்திரண்டு வாரம்!"

"யாரு சொன்னா?"

"அவங்க மேனேஜரே. வெளிய சொல்லாதீங்கன்னு சொன்னாரு. நீங்க வெளியா என்ன? எங்கிட்ட கொஞ்சம் ஸ்டாக் இருக்கு. உங்களுக்குத்தான் முதல்ல."

அக்கா மூன்றாம் பக்கத்தில் எழுதினாள்: 'காத்திருப்பு ஐம்பத்திரண்டு வாரம். கையிருப்பு உள்ள ஒரே ஏஜென்டு இவர்.' தன் தொழிற்சாலைக்குப் பன்னிரண்டு மீட்டர் வாங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவனிடம் ஓடினார்கள். சான்றிதழோடு வரும் புது மீட்டரைச் சோதிக்காமல் நேராக உற்பத்தி லைனுக்கு அனுப்பலாம் என்பது தொழிற்சாலை விதி. அதை எழுதியவளும் அவள்தான்.

ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம், லைன் இன்ஸ்பெக்டர் ஒரு மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, காலையில பாஸான காந்தம் மத்தியானம் ஃபெயில் ஆகுது. மறுநாள் காலையில திரும்ப பாஸ். காந்தத்துக்குப் பைத்தியமா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும் இருக்கலாம். மீட்டரை வெச்சுட்டுப் போங்க."

முதல் காந்தத்தில் நுழைத்தாள். சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் முள் கொஞ்சம் பின்வாங்கியது. ஐந்தாவதில் துள்ளி மேலே போனது. தகட்டைத் திருப்பி மறுமுகத்தால் அளந்தால் வேறு கணக்கு. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கிப் பார்த்தாள். பேச்சு மாறியது.

நடையை வைத்தே ஆளை அடையாளம் சொல்வதைப்போல அது அவளுக்குத் தெரிந்த நடை. அலமாரியிலிருந்து பழைய தாளை எடுத்து, புதிதாகக் குறித்த புள்ளிகளின்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு கோடுகளும் ஒன்றாகப் படிந்தன. மேலே அவள் கையெழுத்து: முசுடு.

கழுத்தில் சுற்றியிருந்த புதுக் கறுப்பு உறையைப் பிளேடால் கீறினாள். உள்ளே சிவப்பு நகப்பூச்சு.

மீதிப் பதினொன்றையும் வரவழைத்தாள். சாயங்காலத்துக்குள் ஏழு பேர் பழைய முகத்தோடு எழுந்து வந்தார்கள். அவள் தன் கையால் கழித்துப் போட்டவற்றை அவளுக்கே புதிதென்று விற்றிருக்கிறான். அன்றே கருவிக் கம்பெனிக்குக் கடிதம் போட்டாள். நான்காம் நாள் இரண்டு வரி பதில் வந்தது: எந்த லைனும் மூடப்படவில்லை, காத்திருப்பு ஒன்பது வாரம். நீங்கள் குறிப்பிடும் நபர் போன வருடத்திலிருந்து எங்கள் ஏஜென்டு இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் முன்னால் அந்தக் கடிதத்தை வைத்தாள். அவர் படித்தார். ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"முழுசாத் தெரியாது."

"அரைகுறையா எவ்வளவு தெரியும்? அதைச் சொல்லுங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "உங்க தொழிற்சாலைப் பழைய சாமான் பெட்டியை ஏலத்துல அவன்தான் எடுத்தான். ரெண்டு மாசம் நம்ம பரண்லதான் இருந்துச்சு."

"அவனோட பள்ளிக்கூடப் புஸ்தகம்னு சொன்னீங்களே?"

"உங்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவேன்னு..."

"அப்ப இப்ப நான் குதிச்சு ஆடிட்டு இருக்கேனா?"

"அவனுக்கு ஏஜென்சி போயிடுச்சு. தொழில் இல்லாம நின்னான். என் தம்பிம்மா அவன்."

"நான் உங்களுக்கு யாரு? அதையும் ஏதாவது மேனேஜர்கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

சட்டைக் காலர் கருகும் வாசனை வந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் கொள்முதல்காரர்களின் அரையாண்டுக் கூட்டம். அக்காவுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டால் குடும்பம் மிஞ்சும், மூன்றாம் பக்கத்தை நம்பி முப்பது தொழிற்சாலை இன்னும் செத்த மீட்டர்களை வாங்கும். வாயைத் திறந்தால் இருபது வருடமாகச் சேர்த்த பேர் ஒரே நிமிடத்தில் போகும். கூட்டத்தன்று கடைசி வரிசையில் கொழுந்தன், எல்லாருக்கும் கொடுக்கப் பேனாப் பெட்டிகளோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அக்கா எழுந்தாள். "போன வருஷ அறிக்கையில மூணாம் பக்கம் பொய். அம்பத்திரண்டு வாரம் இல்ல, ஒன்பது வாரம். அந்த ஏஜென்டுகிட்ட வாங்கின மீட்டர் எல்லாத்தையும் லைன்லேர்ந்து எடுத்துடுங்க. சரிபார்க்காம எழுதினது என் தப்பு."

ஃபேன் கம்பெனிக்காரர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"உங்ககிட்ட தப்பா சொன்னது யாரு அக்கா?"

"என் வீட்டுக்காரரோட தம்பி. பின்னாடி பேனா வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

முப்பது தலைகள் ஒன்றாகத் திரும்பின. கூட்டத்தில் அவ்வளவு ஒற்றுமை அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இல்லை. கொழுந்தன் எழுந்தபோது பேனாப் பெட்டிகள் சரிந்து உருண்டன. பொறுக்கித் தர ஒருவரும் குனியவில்லை.

ஃபேன் கம்பெனிக்காரர் ரொம்பப் பதமாகத்தான் சொன்னார்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அடுத்த வருஷத்து அறிக்கையை நாலு பேரா உட்கார்ந்து எழுதலாமே. உங்களுக்கும் பாரம் குறையும்."

பாரம் எது என்று அவளுக்குப் புரிந்தது. "சரி" என்றாள்.

வாசலில் கொழுந்தன் வழிமறித்தான். "அண்ணி, வீட்டுக்குள்ளயே சொல்லியிருக்கலாம் இல்ல? கால்ல விழுந்திருப்பேனே."

"நீ கால்ல விழுந்திருப்ப. மீட்டர் லைன்லயே இருந்திருக்கும்."

வீட்டுக்காரர் காரோடு நின்றிருந்தார். கொழுந்தன் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். அவர் தடுக்கவில்லை. பின்கதவைத் திறந்துவிட்டு, "ஏறு, வீட்ல போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. பழகின பேச்சுதானே."

பேருந்து நிறுத்தம்வரை நடந்தாள். பாதி வழியில் கைபேசி அடித்தது. ஃபேன் கம்பெனிக்காரர்.

"அக்கா, அந்த ஒன்பது வாரம் உறுதிதானே? உங்களை நம்பி ஆர்டர் போட்டுடவா?"

"என்னை நம்பாதீங்க. கம்பெனிக்கே எழுதிக் கேளுங்க."

அவர் சிரித்தார். "உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான்."

"இல்லீங்க" என்றாள் அக்கா. "கடிதத்தை நீங்களே போடுங்க. விலாசம் சொல்றேன், எழுதிக்குங்க." நடுத்தெருவில் நின்று, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, விலாசத்தைச் சொல்லத் தொடங்கினாள்.