தோப்புப் புல்லும் புது வண்டியும்

எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பு ஒருவருடையதாக இருக்கும், அதில் முளைக்கிற புல் இன்னொருவருடையதாக இருக்கும். இதை யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. மாடு வைத்திருக்கிற ஒரு வீட்டார் ஒரு தோப்பில் புல் அறுக்கத் தொடங்கிவிட்டால் பிறகு அந்தப் புல் அவர்களுக்குத்தான். வேறு யாரும் அரிவாளோடு அங்கே நுழைய மாட்டார்கள். புல்லுக்குக் காசு கிடையாது. அவர்கள் வீட்டுச் சாணியில் ஒரு பங்கு நம் மரத்தடிக்கு வந்துவிடும். கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றி எந்தத் தோப்பில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

எங்கள் தோப்புப் புல் ஒரு அக்காவுடையது. சொந்தமில்லை, பக்கத்துத் தெருக்காரர். என் அப்பா இருந்தபோதே அறுக்க வந்தவர். அவர் வீட்டுக்காரர் லோடுமேனாக இருந்து முட்டி தேய்ந்துபோய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு கறவை மாடுகள்தான் அந்த வீட்டை ஓட்டின. காலையில் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு, அப்படியே கயிறும் அரிவாளுமாகத் தோப்புக்கு வருவார். அறுத்துக் கட்டியதும் "தம்பி, ஒரு கை" என்பார். நான் போய்க் கட்டைத் தலையில் தூக்கிவிடுவேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். யாரிடமும் எனக்குப் பேச்சு அவ்வளவுதான்.

இந்த வருடம் மழை விட்டு விட்டுப் பெய்தது. இரண்டு மாடுகள் எவ்வளவு தின்றும் தீராமல் புல் இடுப்பளவு நின்றது. எங்கள் மரங்களில் கள் இறக்குகிறவர் ஒரு நாள் விடியற்காலையில் வரப்பிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை. கண்ணாடிவிரியனைப் பார்த்தாராம்.

"ஏனுங்க, மரத்துல இருந்து உழுந்து செத்தாக்கூட பரவால்லீங்க. ஏறறதுக்கு முன்னாலயே கடிபட்டுச் செத்தா எங்க ஆளுக சிரிப்பாங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. என் மனைவியும் அன்றிலிருந்து தேங்காய் பொறுக்கப் போகவில்லை. அவள் தம்பி கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தவனிடம் சொன்னாள். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அவன் முடிவு செய்துவிட்டான்.

"மச்சான், புல்லு வெட்ட ஆளு தேடற காலமா இது? இருக்கற ஆளெல்லாம் எங்க கம்பெனி கேட்டுலதான் நிக்கறாங்க. மினி டிராக்டர் ஒண்ணு எடுத்துப்போடுங்க. பின்னால வெட்டற மிசினு மாட்டுனா நீங்களே ஓட்டிக்கலாம்."

"எனக்கு ஓட்டத் தெரியாதே மாப்ளை."

"மாடு பூட்டி ஓட்டுனீங்கல்ல? இது சாணி போடாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் சிரித்தால் அது சம்மதம் என்று எங்கள் வீட்டில் கணக்கு.

பாலக்காட்டுக்குப் போனோம். கடைக்காரரோடு அவன் மலையாளத்தில் பேசிக்கொண்டே இருந்தான். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். இங்கிலீசிலும் இந்தியிலும் இருந்தது. நான் படித்தது நாலாம் வகுப்பு வரை, அதுவும் தமிழில். படங்களைப் பார்த்தேன். என் மனதில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. இந்த மிசின் வெட்டுகிற புல்லை மாடு தின்னுமா? தின்னும் என்றால் அந்த அக்காவுக்கு வேலை மிச்சம். தின்னாது என்றால் அவர் மாடுகளுக்கு வேறு புல் கிடையாது. மற்ற தோப்புகளின் புல் மற்றவர்களுடையது.

கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். கடைக்காரரே கடைசியில் என் பக்கம் திரும்பி, "சேட்டனு எந்தெங்கிலும் சோதிக்கானுண்டோ?" என்றார். கேட்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

பிறகு என்னை வண்டிமேல் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். "சிரிங்க மச்சான், பல்லுப் புடுங்க வந்த மாதிரி இருக்கறீங்க" என்றான் மாப்பிள்ளை.

வண்டி வீட்டுக்கு வருகிற நாளில் ஆரத்தி எடுக்க அந்த அக்காவைத்தான் கூப்பிட வேண்டும் என்றாள் மனைவி. அவர் கை ராசியான கை. எங்கள் போர்வெல்லுக்குத் தேங்காய் உடைத்ததும் அவர்தான், தண்ணீர் நிற்காமல் வந்தது.

"வேற ஆரையாவது கூப்பிடலாமே" என்றேன்.

"ஏனுங்க, அவங்களுக்கென்ன கொறைச்சல்?"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள், "அப்ப எங்களைப் பாம்பு கடிச்சாப் பரவால்லீங்களா?" என்று கேட்பாள். அவள் கேட்பதும் நியாயம், நான் நினைப்பதும் நியாயம். இரண்டு நியாயத்தையும் வைத்துக்கொண்டு பேசத் தெரிந்தவன் நான் இல்லை.

அக்கா குளித்து, வெளுத்த சேலை கட்டி, தலையில் கொஞ்சம் பூ வைத்து வந்தார். வண்டி சிவப்பாக, எங்கள் பழைய மாட்டுக் கொட்டாய்க்குள் நுழைகிற அளவில் இருந்தது. ஆரத்தித் தட்டைச் சுற்றினார், முன்பக்கம் பொட்டு வைத்தார், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். எல்லாம் முடிகிற நேரத்தில் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இதென்னங்க தம்பி, பின்னால தட்டு மாதிரி தொங்குது? இப்படியும் கலப்பை வந்திருக்குதுங்களா?"

"அதுங்க்கா... அப்பறம் சொல்றனுங்க" என்றேன்.

"புல்லு வெட்டற மிசினுங்க" என்றான் மாப்பிள்ளை. "உச்சிக்குள்ள தோப்பே மொட்டை. பாருங்க வேடிக்கைய."

"அப்படீங்களா" என்றார் அக்கா. ஆரத்தித் தண்ணீரைச் சக்கரத்துக்கு முன்னால் ஊற்ற வேண்டும். ஊற்றினார். தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டார்.

கடையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தான். மலையாளத்துப் பையன். நான் ஓட்ட வேண்டும், அவன் பக்கத்தில் தொற்றிக்கொண்டு சொல்லித்தருவான். சொட்டுநீர்க் குழாய்களையெல்லாம் மரத்தடிக்குச் சுருட்டி வைத்திருந்தோம். எந்த லீவரை இழுத்தால் மிசின் மேலே தூக்கும், எதை அமுக்கினால் சுழல்வது நிற்கும் என்று காட்டினான். நான் தலையாட்டினேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

"பேடிக்கண்டா சேட்டா, கிளட்ச் சவிட்டிக்கோ."

பயப்படாதே, மிதி என்றான். மிதித்து, அவன் கை காட்டியபடி மெல்ல விட்டேன். வண்டி கிளம்பியது. பின்னால் எழுந்த சத்தம் நெல் மிசினுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். புல் புல்லாகவே விழவில்லை. தூளாகி, மண்ணோடு கலந்து, மட்டைத் தும்போடு சேர்ந்து பறந்தது. கடையில் கேட்காத கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் மனதுக்குள் ஒன்று முடிவு செய்தேன். கிழக்கே, கால்வாயை ஒட்டிய இரண்டு வரிசையை விட்டுவிடுவது. நல்ல கொழுக்கட்டைப் புல் அங்கேதான். கள் இறக்குகிற மரங்களும் அந்தப் பக்கம் இல்லை. ஒவ்வொரு வரிசையாக வெட்டிக்கொண்டே போய், அந்த இடம் வந்ததும் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

பையன் கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தான். "அவிடெயும் உண்டல்லோ." அங்கேயும் புல் இருக்கிறதே என்றான்.

"அது வேண்டாங்க" என்றேன்.

சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்துக் குனிந்தான். மனைவி, மாப்பிள்ளை, வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பேர், எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார். கத்திச் சொன்னால் எல்லாருக்கும் கேட்கும். நிறுத்தவும் எனக்குத் தெரியாது. தலையாட்டினேன். அவனே திருப்பிவிட்டான். இரண்டு வரிசையும் போயின.

மொட்டையடித்த தோப்பு எல்லாருக்கும் பிடித்திருந்தது. மறுநாள் கள் இறக்குகிறவர் வெறுங்காலோடு நடந்து காட்டினார். என் மனைவி எப்போதோ விழுந்த தேங்காய்களையெல்லாம் கண்டெடுத்தாள்.

மிசின் ஓடிய அன்று சாயங்காலமே அக்கா சாக்கோடு வந்து கிடந்ததை வாரிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிறவரைச் சொசைட்டி வாசலில் பார்த்தேன்.

"தின்னுச்சுங்களாக்கா?"

"ஊதி ஊதித் தள்ளீருதுங்க தம்பி. எங்கூட்டுக்காரர் மாதிரித்தான். புதுசா எதை வெச்சாலும் மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுக."

சிரித்தார். அதன் பிறகு கால்வாய்க் கரையிலும் ரோட்டோரத்திலும் அவர் தரையைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கரைப் புல்லுக்கு ஏற்கெனவே ஆடுகள் இருந்தன. வைக்கோல் வாங்கிப் போட்டார். வைக்கோல் தின்கிற மாடு எவ்வளவு கறக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

புல் மறுபடி முளைத்தது. இப்போது ஓட்டவும் தூக்கவும் நிறுத்தவும் எனக்குப் பழகிவிட்டது. கிழக்கு வரிசை இரண்டையும் தொடாமல் வந்தேன்.

"அதை ஏன் உட்டுட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஈரமா இருக்குது. சக்கரம் பதியும்" என்றேன்.

புல் முழங்காலளவு வந்ததும் அக்கா வீட்டுக்கே போனேன். வாசலில் நின்று அவர் வீட்டுக்காரரின் முட்டியைப் பற்றி விசாரித்தேன், மழையைப் பற்றிச் சொன்னேன். கிளம்பும்போதுதான் வாயில் வந்தது.

"கெழக்கால ரெண்டு வரிசை உட்டு வெச்சிருக்கறனுங்க்கா. இனி எப்பவும் வெட்ட மாட்டேன்."

"உட்டு வெய்யுங்க. பாம்புக்கும் ஒரு எடம் வேணுமல்லங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. ரெண்டு வரிசை கன்னுக்குட்டிக்குத்தான் பத்தும். ரெண்டு மாட்டுக்கு எப்படிங்க பத்தும்?"

பத்தாதுதான். கணக்குப் பார்த்தால் இன்னும் நாலைந்து வரிசையாவது விட வேண்டும். விட்டால் கள் இறக்குகிறவர் வரப்பில் நின்றுவிடுவார். அக்கா அந்த வரிசைகளை அறுத்துப் போனார்.

போன மாதம் ஒரு நாள், பெரிய மழை விட்ட மத்தியானம், தெருக்காரர் ஒருவர் ஓடி வந்தார். சொசைட்டிக்குப் பின்னால் மண்பாதையில் ஒரு டெம்போ சேற்றில் இறங்கிவிட்டது, உங்கள் வண்டியைக் கொண்டு வாங்க என்றார். இந்த மாதிரி வேலைக்கு இப்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மிசினைக் கழற்றிவிட்டுப் போனேன்.

டெம்போவில் நின்றது அக்காவின் பெரிய மாடு. செவலை. வாங்கிய வியாபாரி முழங்கால் வரை சேறோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா மாட்டின் நெற்றியை எட்டித் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்.

விற்க வேண்டாம் என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது? கொண்டுபோன கயிற்றைக் கட்டினேன். சின்ன கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டேன். டெம்போ ஒரே இழுப்பில் மேலே வந்துவிட்டது. மாடு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"வண்டி சின்னதுன்னாலும் இழுவையப் பாருங்க" என்றார் யாரோ.

அக்கா பக்கத்தில் வந்தார். "நல்ல வேளை தம்பி வண்டி வாங்குனீங்க. இல்லீன்னா பொழுதுக்கும் இது அதுக்குள்ளயே நின்னு காலு வீங்கிப்போயிருக்கும்."

குத்திக் காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. மாட்டின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முன்னால் இன்னும் சேறு இருக்கிறது, தார் ரோடு வரைக்கும் இழுத்து விட்டுவிடுங்கள் என்றார் வியாபாரி. கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே இழுத்துப் போனேன். பின்னால் அக்கா கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது கத்தியது, மாடு பதிலுக்குக் கத்தியது, என் வண்டிச் சத்தத்தையும் மீறி இரண்டும் கேட்டன. தார் ரோட்டில் ஏறியதும் வியாபாரி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் மடியில் வைத்தார்.

"வண்டி நல்ல வண்டிங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

டெம்போ பொள்ளாச்சி ரோட்டில் திரும்பியது. அக்கா நிற்கிற பாதை வழியாகத்தான் நான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வேறு பாதை கிடையாது. இஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.